அட்டையில் போட்டிருக்கிறது

டிசம்பர் 15

காலை ஆறரைக்கே மயில்சாமியின் போன். இருபத்திரண்டாம் நம்பர் நாய் விடிந்ததிலிருந்து முக்குகிறது, குட்டி வரவில்லை என்றான். டிபன் சாப்பிடாமல் கரட்டுவலசுக்குக் கிளம்பினேன்.

முன்பு அது கறிக்கோழி செட். கம்பெனிக்காரர்கள் குஞ்சு இறக்குவதை நிறுத்தியதும், மயில்சாமி அதே செட்டில், அதே கம்பிவலைக் கூண்டுகளில் நாய் வளர்க்க ஆரம்பித்தான். இன்றைக்கு நாற்பத்தொரு பெட்டை, ஐந்து கடுவன். பெயர் எதற்கும் கிடையாது. கூண்டு நம்பர்தான்.

இருபத்திரண்டு, லாப்ரடார். நான்கு வயது, ஐந்தாவது ஈத்து. அந்த வயிற்றை நான் அறுப்பது மூன்றாவது முறை. பழைய தையல் இருந்த இடத்தில் தோல் நனைந்த காகிதம் போல வந்தது. ஆறு குட்டிகள், மூன்று செத்தே பிறந்தன. தைத்துக்கொண்டிருக்கும்போதே மயக்கம் தெளிந்து தலையைத் தூக்கி என் முழங்கையை நக்கியது. மருந்து கொஞ்சமாகத்தான் கொண்டு போயிருந்தேன்.

"அடுத்த ஈத்துக்குத் தாங்குமுங்களா டாக்டரே?"

"ஒரு வருசம் உட்டுப் பாரப்பா."

"ஒரு வருசம் சும்மா ஒக்கார வெச்சுச் சோறு போட முடியுமுங்களா? பருவத்துக்குக் கொண்டார ஊசி இருக்குதல்லங்க."

இருக்கிறது. என்னிடமே இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை என்பதை இந்த டைரியிலாவது எழுதி வைக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதாமாதம் சுற்றுப்பயண டைரி எழுதி மேலே அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. வீட்டு கேட்டில் 'டாக்டர் நாச்சிமுத்து' என்று போர்டு மாட்டியது மயில்சாமி. கழற்றச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

மாலையில் போர் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தோம். காயில் போய்விட்டது. வீட்டுக்காரி வசந்தாமணிக்கு முழங்கால் வீக்கம்.

டிசம்பர் 19

செட்டின் வடக்குப் பக்கம் வலை கிழிந்திருந்ததாம். விடியற்காலையில் ஒரு தெருநாய் உள்ளே நுழைந்து, கூண்டுக் கம்பிகளைக் கடித்திருக்கிறது. இருபத்திரண்டின் காது கம்பிக்கு வெளியே இருந்திருக்கும்போல, கிழித்துவிட்டது. ஆட்கள் தெருநாயை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். நான் போவதற்குள் அதைக் குழியில் தள்ளி மண் போட்டாயிற்று.

காதில் நான்கு தையல் போட்டேன். "வெறிநாய் ஊசி இதுகளுக்கு எப்பப் போட்டது?" என்று கேட்டேன்.

மயில்சாமி சிரித்தான். "அட்டையில போட்டிருக்குதுங்களே டாக்டரே. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க."

நானும் சிரித்துவிட்டேன்.

டிசம்பர் 23

இருபத்திரண்டின் குட்டிகளில் மேலும் இரண்டு செத்தன. ஆறில் ஒன்று மிச்சம். பால் முழுக்க அதற்கே என்பதால் உருண்டையாக இருக்கிறது.

ஜனவரி 5

தோட்டத்துப் பக்கத்து ஆட்கள் நாய்ச் சத்தம் தாங்கவில்லை என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மயில்சாமி என்னைக் கூப்பிட்டான். காலையிலிருந்து மாலை வரை பதினோரு நாய்களுக்குக் குரல் நாணை வெட்டிக் குரல் எடுத்தேன். மேல் தாடைக்கு ஒரு கயிறு, கீழ்த் தாடைக்கு ஒரு கயிறு. இரண்டு பேர் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீளக் கத்தரி தொண்டைக்குள் போக வேண்டும். ரத்தம் நுரையீரலில் இறங்காமல் தலையைத் தொங்கவிட வேண்டும். ஒன்பதாவது நாய் ரத்தம் இறங்கிச் செத்தது. இருபத்திரண்டு நன்றாகத் தாங்கியது.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். கூண்டுகளில் அத்தனை வாய்களும் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. தூரத்தில் மில் சைரன் ஊதுகிறதுபோல ஒரு காற்று.

கை வலிக்கிறது. வசந்தாமணி எண்ணெய் தேய்த்துவிட்டாள். என்ன வேலை என்று கேட்டாள். மாட்டுக்குச் சினை ஊசி என்றேன்.

ஜனவரி 17

மாட்டுப் பொங்கலுக்கு நான்கு பட்டிகளில் கூப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் இலை போட்டு 'டாக்டர்' என்று மரியாதை. மாலையில் மயில்சாமி கரும்போடு வந்தான். அறுபது தடுப்பூசி அட்டைகளில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தேன். தேதியை அவன் நிரப்பிக்கொள்வான்.

ஜனவரி 20

மதியம் ஒரு குடும்பம் குட்டியோடு வந்தது. மயில்சாமி வாங்குகிறவர்களைப் பண்ணைக்குள் விடுவதில்லை. மெயின் ரோட்டுப் பேக்கரி வாசலில் வைத்துத்தான் குட்டியைக் கொடுப்பான். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அந்தப் பெண் பெயர் கோகிலவாணி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கூட அவள் மகள், இரண்டாம் வகுப்பு, தன்யஸ்ரீ. குட்டி இருபத்திரண்டினுடையது. பிறந்து முப்பத்தாறு நாள். அட்டையில் அறுபது நாள் என்று இருந்தது.

"எல்லா ஊசியும் போட்டாச்சுங்களா டாக்டருங்க?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். பார்வோ, போட்டாயிற்று. வெறிநோய், போட்டாயிற்று. மூன்று மாதம் நிரம்பாத குட்டிக்கு அந்த ஊசி போடவே மாட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. கீழே என் கையெழுத்து.

"போட்டிருக்குதல்ல அம்மிணி."

சின்னப் பெண் குட்டியின் கண்ணுக்குக் கீழே விரல் வைத்தாள். "இங்க என்ன காயம் தாத்தா?"

புதிய பல் தடம். காய்ந்துகூட இல்லை.

"கூடப் பொறந்ததுக கடிச்சு வெளையாடுங் கண்ணு."

அதற்குக் கூடப் பிறந்தது எதுவும் மிச்சமில்லை என்பது அவர்கள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. தாய் கடித்திருக்கும். சில தாய்கள் கடிக்கும்.

குட்டிக்கு லட்டு என்று பெயர் வைத்தாயிற்றாம். போகும்போது சின்னப் பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. தாய் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஜனவரி 24

இருபத்திரண்டு சாப்பிடவில்லை என்று அழைப்பு. தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் கோழைபோல ஒழுகியது. தண்ணீர்ச் சட்டிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நிற்கிறது, குடிக்க முடியவில்லை. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கையை விட்டுத் துழாவினேன். எதுவும் இல்லை. காலையில் மருந்துக் குப்பி உடைத்தபோது ஆள்காட்டி விரலில் கண்ணாடி வெட்டியிருந்தது. அது எரிந்தது.

ஜனவரி 27

இருபத்திரண்டு செத்தது. பின்னங்கால்கள் இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தனவாம்.

சர்வீஸில் சேர்ந்த வருடம் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அந்த நோயில் முதல் அடையாளம் குரல் மாறுவது, ஊளை உடைந்து வரும் என்று ஒரு டேப்பில் போட்டுக் காட்டினார்கள். இதற்குக் குரல் இல்லை. நான்தான் எடுத்தேன்.

தலையைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று மயில்சாமியிடம் சொன்னேன்.

"எதுக்குங்க? அனுப்புனா ஆபீசருக வருவாங்க. செட்டைப் பாப்பாங்க. அட்டையப் பாப்பாங்க. அட்டையில யாரு பேருங்க இருக்குது?"

சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அது வேறு நோயாகக்கூட இருக்கலாம். தாடை நரம்பு செயலிழக்கிற நோய் ஒன்று இருக்கிறது. அதில் நாய்கள் தானாகத் தேறிவிடும்.

இது தேறவில்லை.

ஜனவரி 28

ஈரோடு போய் வந்தேன். பென்ஷன் சம்பந்தமாக ஒரு வேலை.

ஜனவரி 31

மறுபடி ஈரோடு. புது மோட்டார் வந்துவிட்டது. தண்ணீர் நன்றாக ஏறுகிறது.

கோகிலவாணியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அன்றைக்குப் பூச்சி மருந்து எப்போது கொடுப்பது என்று கேட்க என் நம்பரை வாங்கிக்கொண்டாள். அவளுடையது என் போனிலும் பதிந்திருக்கிறது. குட்டியைத் தனியாகக் கட்டிப் பத்து நாள் பார்க்கச் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு ஒரு பதில் யோசிக்க வேண்டும். நாளை பேசலாம்.

பிப்ரவரி 2

பேசவில்லை. தேங்காய் இறக்க ஆள் வந்திருந்தான்.

பிப்ரவரி 4

ஈரோடு போய் வந்தேன். நாளை தைப்பூசம், பழனிக்கு நடக்கிற கூட்டத்தால் வழியெல்லாம் பஸ் நின்று நின்று போயிற்று. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள், பன்னிரண்டரைக்கு, போன்.

"டாக்டருங்க, கோகிலா பேசறனுங்க. லட்டு ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்குதுங்க. கட்டிலுக்கு அடியிலயே கெடக்குது. நேத்து சாயந்தரம் பாப்பா போயிக் கொஞ்சறேன்னு மொகத்துக்கிட்டக் கொண்டு போனா, ஒதட்டக் கடிச்சிருச்சுங்க."

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. ரெண்டு பல்லு பட்டிருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுட்டு வந்தர்லாம்னு எங்க ஊட்டுக்காரரு வண்டிய எடுத்துட்டு நிக்கறாருங்க. நாந்தான் டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு…"

ஆஸ்பத்திரியில் என்ன நாய் என்று கேட்பார்கள். எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். அட்டையைக் காட்டு என்பார்கள்.

"அட்டையில போட்டிருக்குதல்ல அம்மிணி?"

"போட்டிருக்குதுங்க."

"அப்பறமென்ன? குட்டிக்குப் பல்லு மொளைக்கிற நேரம். எதையாச்சும் கடிக்கத்தான் செய்யும். சோப்புப் போட்டு நல்லாக் கழுவி உடுங்க. தேவையில்லாம அந்தப் புள்ளைக்கு எதுக்கு அத்தன ஊசி?"

"அதானுங்க. ஊசின்னாலே அழுது ஊரக் கூட்டிருவா." அவள் குரலில் நிம்மதி தெரிந்தது. அந்தப் பக்கம் யாரிடமோ, "வேண்டாங்கறாருங்க, வண்டிய உள்ள வெய்யுங்க" என்றாள்.

வேண்டுமென்று நான் அப்படிச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சாயங்காலமாகக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொன்னால் சந்தேகம் வரும்.

பிப்ரவரி 6

லட்டு இறந்துவிட்டது. கோகிலவாணி அழுதுகொண்டே சொன்னாள். கடைசியில் தாடை தொங்கிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

இடம் மாறினதில் வரும் காய்ச்சல் என்றேன். கையுறை போட்டுப் புதைக்கச் சொன்னேன். படுத்த சாக்கை எரிக்கச் சொன்னேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லங்க?"

"ஒண்ணும் ஆகாது."

பிப்ரவரி 8

துணி துவைக்கிறபோது என் சட்டைப் பையிலிருந்து ஈரோடு பெரியாஸ்பத்திரிச் சீட்டை வசந்தாமணி எடுத்துவிட்டாள். அவள் எட்டாவது வரை படித்தவள். முன் வாசலில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த என் முன்னால் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"நாய்க்கடி ஊசின்னு போட்டிருக்குது. மூணு தேதி அடிச்சிருக்குது. இன்னொண்ணு பாக்கி. எந்த நாயிங்க கடிச்சுது?"

"தெருநாய். லேசா."

"எந்தத் தெருவுல? நீங்க வண்டிய உட்டு எறங்கறதே கெடையாது." சீட்டை மறுபடி பார்த்தாள். "அந்தக் கோழி செட்டு நாயா?"

கடைசியில் சொன்னேன். விரல் காயத்தையும், நாய் செத்ததையும். அவள் என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஏதோ நினைவு வந்ததுபோல விரலை விட்டாள்.

"அது குட்டியத்தான அந்தப் புள்ள தூக்கிட்டுப் போச்சு? உங்க காலத் தொட்டுக் கும்புட்டுச்சே, அந்தப் புள்ள?"

"ஆமா."

"சொல்லீட்டீங்களா அவங்களுக்கு?"

"சொல்லிட்டேன்."

"ஊசி போட்டாங்களா?"

"போட்டுட்டிருக்காங்க."

அவள் சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனாள். எப்படியும் சொல்லத்தான் போகிறேன். அதனால் இதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கடிபட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. இன்னும் காலம் இருக்கிறது.

பிப்ரவரி 12

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அவர்கள் வீட்டுக்கே போனேன். ஊத்துக்குளி ரோட்டில் இரண்டு அறை வீடு. வண்டியில் போகும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். 'எதற்கும் ஒரு முன்ஜாக்கிரதைக்கு' என்று ஆரம்பிக்க வேண்டும்.

கோகிலவாணியின் மாமியார் வெளியே ஓடிவந்து நாற்காலி போட்டார். டாக்டரே வீடு தேடி வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். காப்பி வந்தது. குட்டி செத்ததற்கு விசாரிக்க வந்திருக்கிறேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

"இந்தக் காலத்துல யாருங்க ஒரு நாய்க்குட்டிக்காக இப்படி வருவாங்க" என்றான் கோகிலவாணியின் கணவன், ஞானவேல்.

தன்யஸ்ரீ பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து நின்றாள். மேலுதட்டில் இரண்டு சிறிய பொருக்குகள். உதிரும் பருவத்தில் இருந்தன.

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல தாத்தா. அரிக்குது."

காப்பி சூடு. குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். மாமியார் தன் மாட்டுக்கு மடி வீக்கம் என்றார். போய்ப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது எல்லாரும் என்னைக் கும்பிட்டபடி நின்றிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆரம்பித்தால் எப்படி இருக்கும்?

"அந்த அட்டை இருந்தாக் குடுங்க. வேற குட்டிக்கு மாத்திக்கலாம்" என்று மட்டும் கேட்டேன்.

"பாப்பா ஞாபகத்துக்கு வேணும்னு பள்ளிக்கூடப் பையில வெச்சிருக்குதுங்க. குடுக்க மாட்டீங்குது" என்றாள் கோகிலவாணி.

வற்புறுத்தவில்லை.

கடித்த குட்டிகளில் எல்லாவற்றின் எச்சிலிலும் கிருமி இருக்கும் என்று சொல்ல முடியாது. கடிபட்டவர்கள் எல்லாருக்கும் வருவதும் இல்லை. இது எங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பிப்ரவரி 25

ஈரோடு. கடைசி ஊசி. நர்ஸம்மா சின்ன வயது. "எல்லாம் முடிஞ்சுதுங்கய்யா, இனிப் பயமில்ல" என்றார்.

பிப்ரவரி 27

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஈத்து ஓய்ந்த நான்கு பெட்டைகளை மயில்சாமி டெம்போவில் ஏற்றிக் காங்கயம் தாண்டி ரோட்டோரம் இறக்கிவிட்டானாம். கம்பியில் நின்று நின்று அவற்றின் பாதங்கள் விரிந்துபோயிருக்கும். தரையில் எப்படி நடந்தனவோ.

மார்ச் 7

மயில்சாமி போனில் பேசினான். பேக்கரிக்காரர் சொன்னாராம். ஊத்துக்குளி ரோட்டுப் பாப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல், உதடெல்லாம் ஊறல் எடுக்கிறது என்று சொல்லியிருக்கிறது. நேற்று தண்ணீர் டம்ளரைக் கண்டதும் கழுத்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. கோயம்புத்தூருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

"டாக்டரே, கேக்குதுங்களா? டாக்டரே?"

கேட்கிறது என்றேன்.

மார்ச் 10

நேற்றுக் காலை பத்து மணிக்கு.

மார்ச் 11

தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

செய்தி வசந்தாமணிக்கும் வந்துவிட்டது. பால் ஊற்றுகிறவர் சொல்லியிருக்கிறார். அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஊசிதான் போட்டாங்கன்னீங்களே?"

"போட்டாங்க. சில பேருக்கு ஊசி கேக்காது."

"உங்களுக்குக் கேட்டுச்சே."

"எனக்கு விரல்ல. அந்தப் புள்ளைக்கு மொகத்துல."

மருத்துவப்படி இது சரியான விளக்கம். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். மதியம் சாப்பிடவில்லை.

மார்ச் 18

மயில்சாமி செட்டைக் காலி செய்துவிட்டான். நாய்களைத் தாராபுரம் பக்கம் இன்னொரு செட்டுக்கு மாற்றியிருக்கிறான். புதுப் பண்ணைக்குப் புதுப் பெயர், புது அட்டை. நூறு கொண்டு வந்தான். இனிமேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன்.

"இனிமேப் போட வேண்டாமுங்க. இந்த ஒரு கட்டு மட்டும்."

போட்டுக் கொடுத்தேன். இன்ஷியல் இல்லாமல்.

மார்ச் 25

இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

மாலை நாலு மணி இருக்கும். கேட் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கோகிலவாணி தனியாக நின்றிருந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதி உடம்பாகிவிட்டாள். ஆட்கள் யாராவது பின்னால் வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"உள்ள வரலாமுங்களா டாக்டருங்க?"

உட்காரச் சொன்னேன். வசந்தாமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். கோகிலவாணி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. சண்டைக்கு வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஒரு ஒதவி வேணுமுங்க. எங்க ஊட்டுல எல்லாரும் நாந்தான் புள்ளையக் கொன்னுட்டேங்கறாங்க. நாய்க்குட்டி வாங்கோணும்னு நின்னது நானு. அன்னைக்கு அவரு ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுத்தப்ப வேண்டாம்னதும் நானு. கோயமுத்தூர்ல டாக்டருக, அந்தக் குட்டிதான் காரணங்கறாங்க. அட்டையக் காட்டுனேன். அட்டைய யாரு வேணா எழுதலாங்கறாங்க. நீங்க அப்படிப்பட்டவரு இல்லீன்னு நான் அவங்ககிட்டச் சண்ட போட்டனுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெருவுல எங்கியோ வேற நாய் நக்கியிருக்கும். எங்க மாமியா பாப்பாவத் தனியாக் கடைக்கு அனுப்பும். அப்பத்தான் ஆகியிருக்கோணும். குட்டிக்கு ஊசி போட்டது நெசந்தான், அதனால வராதுன்னு நீங்க உங்க கையால ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தீங்கன்னா, அவருகிட்டக் காட்டுவேன். அவரு எங்கூடப் பேசி பதினஞ்சு நாளாச்சுங்க. ஒரே ஊட்டுல இருந்துட்டு."

அவள் முதுகில் இருந்த வசந்தாமணியின் கை நின்றுவிட்டது.

"ஏங் கண்ணு," என்றாள் மெதுவாக, "பாப்பாவுக்கு ஊசி போடலியா?"

"இல்லீங்கம்மா. டாக்டரு தேவையில்லீன்னு சொல்லீட்டாருங்களே."

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். நாற்பது வருடத்தில் அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. என்னைத் தடுக்கவில்லை.

மேஜையிலிருந்து என் பெயர் அச்சடித்த தாளை எடுத்தேன். 'மேற்படி லாப்ரடார் ஆண் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி முறைப்படி செலுத்தப்பட்டது என்றும், எனவே மேற்படி குட்டியால் நோய் பரவ வாய்ப்பில்லை என்றும் சான்றளிக்கிறேன்.' எழுத்து மணிமணியாக வந்தது. தேதி, கையெழுத்து, முத்திரை.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றாள்.

என் நிலைமையில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? அவளுக்கு ஒரு ஆறுதல் வேண்டும், நான் கொடுத்தேன். செத்த பிள்ளை திரும்பி வராது. புருஷன் பெண்டாட்டி பிரியாமல் இருந்தால் அதுவும் ஒரு நல்லதுதான்.

"வா கண்ணு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்" என்றாள் வசந்தாமணி. முழங்கால் வலியோடு அவள் ரோட்டைத் தாண்டியே மாதக்கணக்காகிறது. வேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை. செருப்பு மாட்டாமலே போனாள்.

பஸ் ஸ்டாப் ஐந்து நிமிட நடை. அவள் திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே வரவில்லை.

"சொல்லீட்டேன்" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும்."

"அழுதாளா?"

"அழுவல. கத்துவான்னு நெனச்சேன், கத்தவும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'அவரு எந்தெந்தத் தேதியில ஊசி போட்டாருங்கம்மா'ன்னா. நான் சீட்டுல பாத்ததச் சொன்னேன். சனவரி இருவத்தெட்டு, முப்பத்தொண்ணு, பிப்ரவரி நாலு. வெரல மடக்கிட்டே வந்தா. நாலுன்னதும் அந்த வெரல அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னுட்டா. 'அன்னைக்கு மத்தியானந்தான நான் போன் பண்ணுனேன்'னா."

தெருவில் ஏதோ வண்டி போயிற்று. வசந்தாமணி பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"ஊத்துக்குளி பஸ் வந்துச்சு. ஏறல. எதுத்தாப்புல ஈரோட்டு பஸ் வந்துச்சு. கடுதாசிய மடிச்சு நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு அதுல ஏறுனா. படியில நின்னுட்டுக் கேட்டா, 'நாலாந்தேதி எத்தன மணிக்குப் போட்டாருங்கம்மா'ன்னு. எனக்குத் தெரியலீன்னேன்."

அவள் முதல் முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன மணிக்குங்க?"

காலை ஒன்பதே முக்காலுக்கு. இங்கே எழுதி வைக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.